இளிவரலும் அழுகையும்: ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படங்களில் அகாசா என்னும் அரக்கன்

ஆய்வுச் சுருக்கம்

‘டீமன் ஸ்லேயர்’ வரிசையில் வெளிவந்த ‘முகென் ட்ரெய்ன்’ (2020), ‘இன்ஃபினிட்டி காசில்’ முதற்பாகம் (2025) ஆகிய ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படங்களில் எதிர்நிலைப் பாத்திரமாக வரும் அகாசாவை இக்கட்டுரை தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழி அணுகுகிறது. மெலியோரிடம் அகாசா காட்டும் வெறுப்பு, இளிவரல் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்கள் நான்கையும் தழுவி நிற்கிறது. அவ்வெறுப்பின் அடியில் இருப்பது அழப்படாத அழுகை என்பதும், அதனை வெளிக்கொணர்ந்த பின்னரும் திரைப்படம் அவனது குற்றத்தை அழித்துவிடவில்லை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, இளிவரல், அழுகை, பெருமிதம், எதிர்நிலைப் பாத்திரம், அசைவூட்டத் திரைப்படம், அகாசா.

முன்னுரை

கோயோஹரு கோத்தோகே எழுதி வரைந்த ‘கிமெட்சு நோ யாய்பா’ என்னும் சித்திரக்கதை, ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 2016 முதல் 2020 வரை 205 அத்தியாயங்களாக வெளிவந்தது. ‘டீமன் ஸ்லேயர்’ என்னும் ஆங்கிலப் பெயரால் உலகெங்கும் அறியப்படும் இக்கதையை யூஃபோடேபிள் நிறுவனம் அசைவூட்டத் தொடராகவும் திரைப்படங்களாகவும் ஆக்கிவருகிறது. ஹாருவோ சோதோசாகி இயக்கிய ‘முகென் ட்ரெய்ன்’ ஜப்பானியத் திரையரங்க வசூலில் அதுவரை முதலிடத்திலிருந்த ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தைப் பின்தள்ளியது. ‘இன்ஃபினிட்டி காசில்’ முதற்பாகம் 2025 செப்டம்பரில் இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலிலும் வெளியாயிற்று.

கதை நிகழும் காலம் ஜப்பானின் தைஷோ காலம் (1912–1926). மனிதரை உண்டு வாழும் அரக்கர்களுக்கும், வாளேந்தி அவர்களை அழிக்கும் வீரர் படைக்கும் இடையிலான போரே கதையின் மையம். அரக்கர் அனைவரும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர்கள். முசான் என்னும் முதல் அரக்கனின் குருதியால் உருமாறியவர்கள். அவர்களுக்கு மூப்பில்லை; வெட்டுண்ட உறுப்புகள் மீண்டும் வளரும்; சூரிய ஒளி அவர்களுக்குக் கூற்று. முசானின் பன்னிரு முதன்மை அரக்கருள் மேல்நிலை மூன்றாம் இடத்தில் இருப்பவன் அகாசா. ஏனைய அரக்கர் பலர் மாயத்தாலும் வஞ்சத்தாலும் வெல்ல முனைய, இவன் வெறுங்கைப் போர்க்கலையையே நம்பி நிற்பவன். மெலியவரை வெறுப்பதும் வலியவரைப் போற்றுவதும் இவனது இயல்பு. இவ்வியல்பு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

இளிவரல் என்னும் அளவுகோல்

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள். மெய்ப்பாடுகள் தன்கண் தோன்றுவதும் உண்டு, பிறன்கண் தோன்றுவதும் உண்டு என உரையாசிரியர்கள் பகுத்துக் காட்டுவர். அகாசாவின் பேச்சையும் செயலையும் இந்நான்கின் அருகே வைத்து நோக்கினால் வியப்பூட்டும் பொருத்தம் புலப்படுகிறது. மனித உடல் முதுமை அடைவதை அவன் அருவருக்கிறான். புண்பட்ட உடல் ஆறாமல் கிடப்பதை இகழ்கிறான். மெலியவரைக் கண்டால் உமிழ்நீரும் கசக்கும் என்பது போன்ற முகத்தோடு பேசுகிறான். ஜப்பானியக் கதையொன்றின் பாத்திரம் தமிழ் இலக்கணத்தை அறிந்து படைக்கப்பட்டதன்று. எனினும் மனித உடலின் தளர்வே இழிவுணர்ச்சியின் ஊற்று என்னும் பொதுவுண்மையை அந்நூற்பா முன்பே வகுத்திருப்பதால், இப்பாத்திரத்தை அளக்க அது தக்க கோலாகிறது.

அழைப்பாக வரும் தீமை

‘முகென் ட்ரெய்ன்’ படத்தின் பெரும்பகுதி என்மு என்னும் வேறோர் அரக்கனுக்கு உரியது. கனவுகளில் ஆழ்த்திப் பயணிகளைக் கொல்ல முனையும் அவன் அழிந்து, தொடர்வண்டி தடம்புரண்டு கிடக்கும் வேளையில், விடியலுக்குச் சற்று முன்பு அகாசா வந்து குதிக்கிறான். வந்த கணமே, புண்பட்டுத் தரையில் கிடக்கும் இளைஞன் தன்ஜிரோவைத் தாக்குகிறான். முதுநிலை வீரன் ரெங்கோகு அதனைத் தடுத்துக் காரணம் வினவ, நம் உரையாடலுக்கு அவன் இடையூறாவான் என்பது அகாசாவின் விடை. மெலியோன் அவனுக்குப் பகைவனாகக்கூடத் தோன்றவில்லை. அப்புறப்படுத்த வேண்டிய குப்பையாகத் தோன்றுகிறான்.

அதனை அடுத்து நிகழ்வது அச்சுறுத்தல் அன்று, புகழுரை. ரெங்கோகுவின் பயிற்சியையும் ஆற்றலையும் மனமுவந்து பாராட்டும் அகாசா, அவனையும் அரக்கனாகிவிடுமாறு அழைக்கிறான். மூப்பும் சாவும் இல்லாத உடலோடு நூற்றாண்டுகள் பயின்று உச்சத்தை எட்டலாம் என்பது அவன் வாதம். போரினிடையே ரெங்கோகுவின் உடல் சிதையச் சிதைய இவ்வழைப்பைப் பலமுறை புதுப்பிக்கிறான். அவன் இறந்துவிடுவானே என்னும் பதற்றமும் அக்குரலில் கலக்கிறது. வெறியாட்டத்தால் அச்சமூட்டும் வழக்கமான அரக்க வார்ப்பிலிருந்து இப்பாத்திரம் பிரியும் இடம் இதுவே. அகாசாவின் தீமை வியப்பின் வடிவில், ஏன், அன்பின் வடிவில்கூட வருகிறது. மெலிவே இல்லாத உலகில்தான் அவனால் ஒருவரை நேசிக்க இயலும் என்பதே அதன் கொடுமை.

பெருமிதத்தின் விடை

மூப்பதும் இறப்பதுமே மனிதன் என்னும் நிலையற்ற உயிரின் அழகு என்பது ரெங்கோகு தரும் விடையின் சாரம். இவ்விடையின் வேரைத் திரைப்படம் அவனது இளமை நினைவில் காட்டுகிறது. வலிமையோடு பிறந்தவர் மெலியவரைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று நோயுற்றிருந்த அவன் தாய் கற்பித்திருந்தாள். பிணியால் தளர்ந்த ஒருத்தியிடமிருந்தே அவன் வலிமையின் பொருளைக் கற்றான் என்பது கருதத்தக்கது. அகாசா இழிவு காணும் இடத்தில் ரெங்கோகு ஆசானைக் கண்டவன்.

பெருமிதத்தின் நிலைக்களன்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. அகாசாவும் பெருமிதம் உடையவனே; கல்வியும் தறுகண்ணும் அவனிடம் மிகுதி. அவனிடம் இல்லாதது கொடை. தன் வயிற்றைத் துளைத்த அகாசாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, கதிரவன் எழும்வரை அவனை விடாது நிறுத்த முயல்கிறான் ரெங்கோகு. உயிரையே கொடையாக்கும் செயல் இது. அகாசா தன் கைகளை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி ஒளிகிறான். தொடர்வண்டியில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுள் ஒருவரும் இறக்கவில்லை. ஆகவே தோற்றவன் ரெங்கோகு அல்லன் என்று தன்ஜிரோ கதறுகிறான். உடல் வலிமையால் வென்றவன் தப்பியோடியவனாகவும், இறப்பவன் வென்றவனாகவும் முடியும் இக்காட்சி, வெற்றி என்பதன் பொருளையே மாற்றிவைக்கிறது.

ஹகுஜியின் கதை

‘இன்ஃபினிட்டி காசில்’ படத்தில் தன்ஜிரோவும் கியூ என்னும் வீரனும் அகாசாவை எதிர்கொள்கின்றனர். இப்போரின் முடிவில்தான் அவன் மனிதனாய் வாழ்ந்த வரலாறு விரிகிறது. எடோ காலத்தில் ஹகுஜி என்னும் பெயருடைய சிறுவனாக இருந்தவன், நோயுற்ற தந்தையின் மருந்துக்காகத் திருடியவன். குற்றவாளியின் கையில் பச்சை குத்துவது அக்கால ஜப்பானில் வழங்கிய தண்டனை. ஹகுஜியின் இரு கைகளிலும் அக்கோடுகள் ஏறின. மகனுக்குச் சுமையாக வாழ விரும்பாத தந்தை தூக்கிட்டு இறந்தார்.

நாடோடியாய்ச் சண்டையிட்டுத் திரிந்தவனைக் கெய்சோ என்னும் போர்க்கலை ஆசான் அடித்து வீழ்த்தித் தம் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அவருடைய நோயுற்ற மகள் கோயுகியைப் பேணும் பணி ஹகுஜிக்கு வாய்த்தது. அவள் நலம்பெற்றாள், இருவருக்கும் திருமணம் உறுதியாயிற்று. அச்செய்தியைத் தந்தையின் கல்லறையில் சொல்லிவர ஹகுஜி சென்றிருந்த வேளையில், பக்கத்து வாட்பயிற்சிக் கூடத்தார் கிணற்றில் நஞ்சிட, ஆசானும் மகளும் மாண்டனர். ஹகுஜி அறுபத்தேழு பேரை வெறுங்கையால் கொன்றான். அந்நிலையில்தான் முசான் அவனை அரக்கனாக்கினான்.

இழவும் வறுமையும் அழுகையின் நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியலில் இடம்பெறுவன. இரண்டும் ஹகுஜியின் வாழ்வில் நிறைந்துள்ளன. அவன் அழுது தீர்க்க வேண்டியதை அழவில்லை, கொன்றான். பின்னர் நினைவையும் இழந்தான். நினைவு மறைந்த பின்னும் எஞ்சிய உணர்ச்சி, இடம் மாறி, மெலிவு காணும் இடமெல்லாம் வெறுப்பாய்ப் படர்ந்தது.

தன்கண் தோன்றிய இளிவரல்

மறக்கப்பட்ட வாழ்வைப் படைப்பாளர்கள் அகாசாவின் உடலிலேயே எழுதி வைத்துள்ளனர். அவன் மேனியெங்கும் ஓடும் கருநீலக் கோடுகள் பழைய தண்டனைக் கோடுகளின் விரிவு. போரின்போது அவன் காலடியில் விரியும் திசைகாட்டி, கோயுகி அணிந்திருந்த பனிப்பூ வடிவக் கொண்டையணியை ஒத்தது. அவள் பெயரிலும் ‘யுகி’ எனப் பனி இருக்கிறது. எவரை இழந்தானோ அவருடைய அடையாளத்தின் மீது நின்றே அவன் ஒவ்வொரு நாளும் கொலை புரிந்திருக்கிறான்.

அத்திசைகாட்டி எதிரியின் போர் முனைப்பை உணரும் கருவி. தன்ஜிரோ முனைப்பே இல்லாத தெளிந்த நிலையை எட்டியதும் அது செயலிழக்கிறது. அகாசாவின் தலை வெட்டுண்கிறது. வலிமையை மட்டுமே காணப் பழகிய கண்ணுக்கு, முனைப்பற்ற ஒருவன் புலப்படவே இல்லை. படுக்கையில் கிடந்த தந்தையும் கோயுகியும் போர் முனைப்பு இல்லாதவர்களே. அவர்களைக் காண மறுத்த கண்ணே அவனது அழிவுக்கும் வாயிலாயிற்று.

மனிதர் அனைவரும் குழந்தையாய்ப் பிறந்து பிறர் துணையால் வளர்ந்தவரே, நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய் என்று தன்ஜிரோ அகாசாவிடம் கூறும் இடமும் இங்கு நினைக்கத்தக்கது. தலை நீங்கிய பின்னும் அகாசாவின் உடல் மீளத் தொடங்குகிறது. அப்போது எழும் நினைவில், தான் கொல்ல விரும்பியது காக்கத் தவறிய தன்னையே என்று உணர்கிறான். பிறன்கண் கண்ட இளிவரல் உண்மையில் தன்கண் தோன்றியது என்பது இவ்விடத்தில் வெளிப்படுகிறது. தன் போர்க்கலையைத் தன்மீதே ஏவி, மீள்வதை நிறுத்திக்கொண்டு, கோயுகியின் அணைப்பில் அழுது மறைகிறான். நூறாண்டுக்கும் மேலாகத் தேங்கிய அழுகை அது.

இரக்கமும் நீதியும்

இவ்வரலாறு ரெங்கோகுவின் இறப்பை எளிதாக்கிவிடுகிறதா என்னும் ஐயம் நியாயமானது. அரக்கர் மடியும் தறுவாயில் அவர்தம் துயரக் கதையைச் சொல்வது இவ்வரிசையின் நிலைத்த உத்தி. தொடர்ந்து பயன்படுத்தப்படும்போது, அரக்கரால் மாண்டவரின் துயரம் பின்தள்ளப்படும் இடர் அதில் உண்டு. ஆயினும் ஹகுஜியின் கதையைப் பார்வையாளர் மட்டுமே அறிகின்றனர். தன்ஜிரோவும் கியூவும் அறியவில்லை. அவர்கள் மன்னித்ததாக ஒரு சொல்லும் இல்லை. இரக்கம் பார்வையாளரிடமும், தண்டனை களத்திலும் எனப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. கோயுகி நோயுற்றவளாகவும், மணப்பெண்ணாகவும், இறந்தவளாகவும், இறுதியில் ஆற்றுபவளாகவும் வருகிறாள். இவை யாவும் ஹகுஜியின் வாழ்வை ஒட்டியே அமைந்துள்ளன. மெலியோர் இகழத்தக்கவர் அல்லர் என்று வாதிடும் கதை, அம்மெலியோருக்கு உரிய தனி மனத்தை முழுமையாகத் தரவில்லை. ரெங்கோகுவின் தாய்க்கு வாய்த்த கருத்துரிமை கோயுகிக்கு வாய்க்கவில்லை.

முடிவுரை

அகாசாவின் பாத்திரம் இளிவரலில் தொடங்கி அழுகையில் முடிகிறது. மூப்பையும் பிணியையும் மென்மையையும் வெறுத்தவன், அவற்றால் தளர்ந்த இருவரை அளவின்றி நேசித்தவனாக இருந்தான் என்பதே இப்பாத்திரத்தின் முரண். மெலிவை வெறுக்கும் மனம் தன் இழப்பை இன்னும் அழுது முடிக்காத மனமாக இருக்கலாம் என்பதை இத்திரைப்படங்கள் உணர்த்துகின்றன. அவ்விழப்பை அறிந்துகொள்வதால் அகாசா கொன்றவர் மீண்டு வருவதில்லை. அந்த அறிவையும் இந்த உண்மையையும் ஒருசேர நெஞ்சில் தாங்குமாறு பார்வையாளரைக் கேட்பதில் இப்பாத்திரப் படைப்பின் வலிமை அடங்கியுள்ளது.