வில்வேட்டை நூல்களும் வெண்வால் மானும்

வட அமெரிக்காவில் வெண்வால் மானை வில்கொண்டு வேட்டையாடக் கற்பிக்கும் நூல்கள் பல. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லாளர்க்கெனத் தனி மான்வேட்டைப் பருவம் ஒதுக்கிற்று. பிற மாநிலங்களும் அவ்வழி சென்றன, நூல்களும் பெருகின. முதுபெரும் வேட்டைக்காரர் எழுதியது என்பதே இவற்றுட் பெரும்பாலானவற்றின் விளம்பரம். அத்தகுதி ஒன்றே போதுமா? நீந்தக் கற்பவன் தவறினால் தண்ணீர் குடிப்பவன் அவனே. வில்வேட்டை கற்பவன் தவறினாலோ துன்புறுவது மான். வயிற்றில் அம்பு தைத்த மான் மணிக்கணக்கில் உயிரோடு போராடும். ஆகவே இந்நூல்களை எடைபோட வேறொரு படிக்கல் வேண்டும்.

இத்துறையின் மூலநூல் எனத்தக்கது, சாக்ஸ்டன் போப் 1923-இல் வெளியிட்ட ‘வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடல்’. போப், கலிபோர்னியாவில் அறுவை மருத்துவர். 1911-இல் காட்டிலிருந்து தன்னந்தனியராய் வெளிப்பட்ட யாகி இனத்து இஷி என்பாரே அவருக்கு வில்லாசான். 1916-இல் இஷி மறைந்தார். ஏடு எழுதாத அவ்வாசான் செய்துகாட்டியவற்றை மாணவர் ஒருவர் கண்டு எழுதியதாலேயே அந்நூல் சிறக்கிறது. வேட்டைக்கு முன் இஷி புகையிலையை விலக்கியதும், உடலைக் கழுவியதும், இலையை உதட்டில் வைத்து மான்கன்றுபோல் ஒலித்ததும் அதில் உள. கைவந்தவனுக்கு இவை சொல்லத் தோன்றா. அருகிருந்து கற்றவனுக்கே தோன்றும். ஆயினும் போப் வேட்டையாடியது மேற்குக் கடற்கரையின் கருவால் மான். கிழக்குக் காடுகளில், மரத்துப் பரணில் காத்திருந்து வெண்வால் மானை எய்ய விரும்புவோர்க்கு அந்நூல் மட்டும் போதாது.

பின்வந்த வல்லுநர் பலர் “காற்றறிந்து நில்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். சரிவான நிலத்தில் வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். காலைக்கு ஏற்ற பரண் மாலையில் வேடனைக் காட்டிக்கொடுத்துவிடும். மோப்பத்திலே வாழும் விலங்கிடம் செல்வோர்க்கு இதை விரித்துரைக்காத நூலால் என்ன பயன்?

ஹோவர்ட் ஹில் 1953-இல் எழுதிய வேட்டைநூல் விறுவிறுப்பானது. 1938-ஆம் ஆண்டு ராபின் ஹூட் திரைப்படத்தில் அம்பெய்தவர் அவரே. ஆனால் அவர் கைத்திறன் ஆயிரத்தில் ஒருவர்க்கும் வாய்க்காது. பழைய மரவில்லின் அம்பு 30 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ அரை விநாடி ஆகும். நாணொலியோ அதற்கு முன்னரே, ஒரு விநாடியின் பத்திலொரு பங்குக்குள், மானின் செவியை எட்டிவிடும். மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். அம்பு மேலே போகும், அல்லது முதுகில் தைக்கும். 1969-இல் காப்புரிமை பெற்ற கப்பிவில்லின் அம்பு இன்னும் விரைவானது. எனினும் ஒலியை வெல்வதில்லை. நெடுந்தொலை எய்தலைப் புகழும் பக்கங்கள் புதியவர்க்குத் தீங்கே செய்யும்.

ஆதலின், கொம்பளவும் நிழற்படமும் நிறைந்த ஏட்டைப் புரட்டுபவர் முதலில் தேடவேண்டியது குருதிச்சுவடு பற்றிய இயலை. நுரைத்த செங்குருதி நுரையீரலில் பட்டதைக் காட்டும், கருஞ்சிவப்பு, ஈரலை, பச்சைக் கசடும் நாற்றமும், குடலை. முதலாவதற்கு அரைமணி பொறுத்தல் போதும். கடைசியதற்கு ஆறு மணி நேரமேனும் பொறுக்கவேண்டும். விரைந்து துரத்தினால், படுத்த மான் எழுந்து ஓடி, எவர் கைக்கும் எட்டாமல் புதரில் மடியும்.