கரிக் கணக்கும் கதைக் கணக்கும்

நாவல் எழுதுகிறவன் நாவல்களை மட்டும்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. சில வருஷங்களாக நான் பெரிய கம்பெனிகள் வெளியிடுகிற அறிக்கைகளைப் படித்து வருகிறேன். லாப நஷ்டப் பகுதியை அல்ல. கரியமிலவாயுவை எப்படிக் குறைத்தோம், இனி எப்படிக் குறைக்கப் போகிறோம் என்று சொல்லும் பகுதியை. வழவழப்பான காகிதம், பச்சை இலைப் படம், தலைவரின் முன்னுரை எல்லாம் உண்டு. இவற்றை விமரிசகர்கள் யாரும் தொடுவதில்லை. நான் தொடுவதற்குக் காரணம், இவையும் கதைகள்தாம். கதாநாயகன் இருக்கிறான், இடைஞ்சல் இருக்கிறது, கடைசியில் சுபம் இருக்கிறது. ஒரு கதையைப் பார்த்து நாம் கேட்கிற கேள்விகளை இவற்றையும் பார்த்துக் கேட்கலாம்.

முதலில் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் செபி, சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் கம்பெனிகள் இத்தகைய அறிக்கையைத் தந்தாக வேண்டும் என்று 2022-23 முதல் கட்டாயமாக்கியது. உலக வழக்கப்படி கணக்கை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சொந்தக் கொதிகலனும் வண்டிகளும் விடுகிற புகை முதலாவது. விலைக்கு வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எழும் புகை இரண்டாவது. சரக்குத் தருகிறவன், ஏற்றிச் செல்கிறவன், வாங்கிப் பயன்படுத்துகிறவன் இவர்களால் உண்டாவதெல்லாம் மூன்றாவது. பெரும்பாலான கம்பெனிகளுக்கு இந்த மூன்றாவதுதான் மலை. மற்ற இரண்டும் மடு. படிவம் வந்தபோது அந்த மலையைச் சொல்வதும் சொல்லாததும் கம்பெனியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. வீட்டின் முன் கூடத்தை மட்டும் வருணித்துவிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்துவிடுகிற நாவலாசிரியனை நாம் மன்னிப்பதில்லை.

இந்த வகை எழுத்தில் நான் காணும் குறைகள் மூன்று.

ஒன்று, வினைச்சொல். 'குறைக்கப்பட்டது', 'மேம்படுத்தப்பட்டது' என்று வருகிறது. யார் குறைத்தார், எந்த யந்திரத்தை நிறுத்திக் குறைத்தார் என்பது வருவதில்லை. எழுவாய் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பும் இருக்காது.

இரண்டு, விகிதம். நூறு கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்து ஆயிரம் டன் வாயுவை விடுகிற ஒரு கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் 130 கோடிக்கு வியாபாரம். 1,170 டன் வாயு. கோடிக்குப் பத்து டன்னாக இருந்தது ஒன்பதாகிவிட்டது. 'பத்து சதவீதம் குறைந்தது' என்று கொட்டை எழுத்தில் போடலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் ஆகாயம் கோடிக் கணக்குப் பார்ப்பதில்லை. அதற்கு 170 டன் கூடுதலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்று, பிராயச்சித்தம். தான் புகையைக் குறைக்காமல், குறைத்ததாகச் சொல்லும் வேறொருவரிடம் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கழித்துக்கொள்வது. ஏகாதசியன்று தான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து உபவாசம் இருக்கச் சொல்வதைப் போன்றது இது. பக்கத்து வீட்டுக்காரர் உண்மையாகவே பட்டினி கிடந்தாரா என்பது அதற்கப்புறம் எழும் கேள்வி.

குறை சொல்வதோடு விமரிசகன் வேலை முடிந்துவிடாது. நல்ல அத்தியாயம் ஒன்றையும் காட்டுகிறேன். 2011-ல் இன்போசிஸ் கம்பெனி ஹைதராபாத்தில் ஓர் அலுவலகக் கட்டடம் கட்டியது. அதைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான குளிர்சாதனம். அதுவும் நல்ல தரத்தில். மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். காற்றைவிட நீர் வெப்பத்தைச் சுலபமாகச் சுமந்து செல்லும் என்பதுதான் சூட்சுமம். அதே வெயில், அதே மாதிரி வேலை. அளந்து பார்த்தபோது இரண்டாவது பாதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தில் குளிர்ந்தது. இதுதான் எழுத்து என்பேன். ஆசிரியர் நம்மை நம்பச் சொல்லவில்லை. இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். அதே கம்பெனி 2020-ல் கரிச் சமநிலை அடைந்துவிட்டதாக அறிவித்தது. அதில் ஒரு பகுதி கிராமத்து வீடுகளுக்குச் சாண எரிவாயுவும் புகை குறைந்த அடுப்பும் கொடுத்து ஈடுகட்டியது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் என் தராசில் அந்தக் கட்டடம்தான் தாழ்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்க நியாயமில்லை. அந்தோனின் ரேமண்ட் என்ற சிற்பி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காகத் திட்டமிட்ட கோல்கொண்ட் விடுதி நம் ஊரில்தான் இருக்கிறது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாக வந்த பணத்தில் 1930-களின் கடைசியில் எழத் தொடங்கியது, பெயரும் அதனால்தான். வடக்கும் தெற்கும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய பலகைகள். வெயில் தங்காது, காற்று நுழையும். குளிர்சாதனமே கிடையாது. கரிக் கணக்கு என்ற பேச்சே எழாத காலத்தில் கட்டியது அது. மிச்சம் பிடிக்க வேண்டியது காகிதத்தில் கோடு போடும்போதே என்பதை அந்தக் கட்டடம் எண்பது வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில், தேவையில்லாததைச் செய்யாமல் இருப்பது. அடுத்து, தேவையானதைக் குறைந்த செலவில் செய்வது. ஆலையில் கசியும் நீராவிக் குழாயை அடைப்பது, சாயப் பட்டறையிலிருந்து வெந்நீராகவே வெளியேறும் கழிவின் சூட்டைக் கொண்டு கொதிகலனுக்குப் போகும் நீரைச் சூடாக்குவது, இவையெல்லாம் படம் போட்டுக் காட்ட முடியாத வேலைகள். பெரிய விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது தின்னும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்; இது பௌதிகம். அதன் பிறகு வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம். பிறகு சரக்குத் தருகிறவர்களையும் அதே வழிக்குக் கொண்டுவருவது. எல்லாம் செய்தும் மீந்ததற்குத்தான் பிராயச்சித்தம். பல அறிக்கைகள் இந்தக் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குகின்றன.

இனி என் மனத்தை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். முதலியார்பேட்டையில் 1898-ல் தொடங்கிய ரோடியர் மில் 2020-ல் மூடப்பட்டது. அதன் புகைபோக்கியில் இன்று புகை இல்லை. கரிக் கணக்கின் மொழியில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உலகம் பின்பற்றும் விதியில், ஒரு கம்பெனி தன் ஆலையை வேறொருவருக்கு விற்றுவிட்டால் பழைய வருஷக் கணக்கையும் திருத்திக்கொள்ள வேண்டும். புகை கைமாறியதைக் குறைத்ததாகக் காட்டக் கூடாது. ஆனால் மூடிவிட்டால் திருத்த வேண்டியதில்லை. அது குறைந்ததாகவே நிற்கும். வாயுவைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் கசிவை அடைத்த பொறியாளரின் உழைப்பும், வேலை போன தறிக்காரரின் வெறும் கையும் ஒரே எண்ணாக அச்சாகிற பக்கத்தை நான் நல்ல எழுத்து என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த ஊருக்குக் கணக்கைத் திருத்திய சரித்திரம் உண்டு. 1936 ஜூலை 30-ந் தேதி ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அடுத்த வருஷம் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அதற்கு முன் மனிதனின் களைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கேட்டார்கள், ஏறிற்று.

இந்த அறிக்கைகளை எழுதுகிற கம்பெனிகளில் நம்மில் பலர் பங்கு வைத்திருக்கிறோம்; நம் பிள்ளைகள் அங்கே உத்தியோகம் பார்க்கிறார்கள். அடுத்த அறிக்கை கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் போதும். மொத்த டன் எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு? மூன்றாவது கணக்கு எங்கே? குறைந்தது எதைச் செய்ததால்? பதில் இருந்தால் படித்து முடியுங்கள். இல்லாவிட்டால் மூடி வைத்துவிட்டு, நல்ல நாவல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது கற்பனை என்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறது.