விலையிலாக் கவிமடல்

1971-இல் கோவையில் பிறந்த 'வானம்பாடி' கவிதை இதழிடம் எனக்கு முதலில் பிடித்தது, அதற்கு விலை கிடையாது என்பதே. 'விலையிலாக் கவிமடல்' என்று சும்மாவே கொடுத்தார்கள். அதன் குழுவில் புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், மு. மேத்தா... இவர்களில் பலர் தமிழாசிரியர்கள். யாப்பு தெரிந்தவர்களே அதைத் தாண்டி வந்தார்கள். அந்தத் துணிச்சல் லேசானதல்ல.

அது கோவைக்கு மட்டும் உரியதுமல்ல; அதே காலத்தில் இத்தாலியும் கொதித்தது. கார் ஆலை நகரமான தூரினில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அங்கே பிஸ்தொலெத்தோ என்ற கலைஞர் 1967-இல் கந்தல் துணிக் குவியலின் முன் வீனஸ் சிலையை நிறுத்தியிருந்தார். விலைமதிப்பற்ற அழகும் விலைபோகாத துணியும் ஒரே இடத்தில்! பஞ்சாலை நகரமான கோவையின் கவிஞர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. காலத்தின் சூடு ஒன்றுதான்.

வானம்பாடிக் கவிதைகளில் முழக்கம் அதிகம் என்பார்கள். உண்மைதான். பசியையும் வேலையின்மையையும் பாட அந்த உரத்த குரல் வேண்டியிருந்தது. புதுக்கவிதை கல்லூரி மாணவர்களின் கைக்கு வந்ததில் இந்த மடலின் பங்கு மிகப் பெரிது.