செக் எஞ்சின் விளக்கும் இருபது வெள்ளிக் கருவியும்

காரின் முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால் சிரம்பான் லோபாக்கில் பெரும்பாலோர் ஒன்று, சம்பளம் வரும்வரை கண்டுகொள்ளாமல் ஓட்டுவார்கள். இல்லையென்றால் பட்டறைக்குப் போய், ஃபோர்மென் எந்த சென்சாரைச் சொல்கிறாரோ அதை மாற்றிக்கொண்டு வருவார்கள். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். அப்போது இன்னொரு சென்சார். இப்படி நானூறு ஐந்நூறு வெள்ளி போன பிறகும் கோளாறு அங்கேயே உட்கார்ந்திருப்பதை நம் வீடுகளில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் செலவைத் தடுக்கும் கருவி தீப்பெட்டி அளவுதான். இஎல்எம் 327 அடாப்டர் என்று ஷாப்பியிலோ லாசாடாவிலோ தேடினால் கிடைக்கும். நான் வாங்கியதற்கு இருபது வெள்ளிதான் ஆனது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் இருக்கும் 16 முனை ஓபிடி (காரின் கோளாறு அறியும்) சாக்கெட்டில் செருகி, சாவியைத் திருப்பி, கைப்பேசியில் புளூடூத் வழியாக இணைக்க வேண்டும். கடவு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. கார் ஸ்கேனர், டார்க் ஆகிய செயலிகள் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் அடாப்டர் வாங்க வேண்டாம், அது இணையாது. வைஃபை வகையோ குறைமின் புளூடூத் வகையோ பார்த்து வாங்கி, கார் ஸ்கேனரைப் பயன்படுத்தலாம்.

கோளாறுக் குறியீட்டை (கோடு) படிப்பதற்கு மட்டும் இதை வாங்குகிறவர்களுக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. எஞ்சின் கணினி கொடுக்கும் கோடு ஒரு புகார்தான், தீர்ப்பு ஆகாது. எங்கள் காருக்கு வயது 15 தாண்டிவிட்டது. பெட்ரோல் அதிகமாகக் குடித்தது, புகைக்குழாயில் பச்சைப் பெட்ரோல் வாடை, கூடவே விளக்கு. கோடு பி0172. எரிபொருள் கலவை அளவுக்கு மேல் கெட்டியாக இருக்கிறது என்று பொருள். ஒரு பட்டறையில் பார்த்த உடனே ஆக்சிஜன் சென்சார் என்றார்கள். ஆனால் ஆக்சிஜன் சென்சார் அந்தப் புகாரைக் கொண்டுவந்த சாட்சி. சாட்சியே குற்றவாளி என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாமா?

செயலியில் நேரடி எண்களைத் திறந்தேன். எஞ்சின் சூடான பிறகு முன் ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கியது. நல்ல சிர்கோனியா சென்சார் அப்படித்தான் ஆடும். சோர்ந்த சென்சார் மெதுவாக நகரும், அல்லது ஓரிடத்தில் நின்றுவிடும். ஆக, அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அடுத்தது கூலண்ட் வெப்ப சென்சார். இதற்கு ஒரு சோதனை உண்டு, காசே தேவையில்லை. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, கூலண்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் காரில் காற்று 27 டிகிரி, கூலண்ட் 9 டிகிரி. சிரம்பானில் எந்தக் காலையிலும் 9 டிகிரி குளிர் கிடையாது! எஞ்சின் கணினி அந்தப் பொய்யை நம்பி, குளிரில் நடுங்கும் எஞ்சினுக்கு ஊற்றுவதுபோல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. ஓடி முடித்த பிறகும் எண் 60ஐத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. எண் ஏறாததற்குத் தெர்மோஸ்டாட்டும் காரணமாக இருக்கலாம். நம் நாட்டில் பழைய கார்கள் பலவற்றில் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டிருப்பார்கள். ஆனால் தெர்மோஸ்டாட் கெட்டால் ஓடும்போதுதான் எண் குறையும். நின்ற காரில் காலையிலேயே பொய் சொன்னால் சந்தேகம் சென்சார் மேல், அல்லது அதன் பிளக், வயர் மேல். பிளக்கைக் கழற்றினால் எண் மைனஸ் 40க்கு விழ வேண்டும். ஓபிடி விதிப்படி இந்த எண் மைனஸ் 40இல் தொடங்கி 215 வரை போகும். வயர் அறுந்தாலும் மைனஸ் 40தான் காட்டும். பிளக்கின் இரண்டு முனைகளையும் சின்ன வயரால் இணைத்தால் எண் உச்சத்துக்குப் பாயும். இரண்டும் நடந்தால் வயர் நன்றாக இருக்கிறது. சில கார்களில் கணினி கோளாறை உணர்ந்ததும் தானாக ஒரு பாதுகாப்பு எண்ணை வைத்துக்கொள்ளும், அங்கே இந்தச் சோதனை குழப்பும். அதனால் மல்டிமீட்டரும் வைத்தேன். சாதாரண அறை வெப்பத்தில் இவ்வகை சென்சாரில் மின்தடை சுமார் 2 கிலோ ஓம் இருக்கும். எங்களுடையது ஏறக்குறைய 4 காட்டியது. தீர்ப்பு அங்கேதான் வந்தது.

மாற்றுவது எளிது, ஆனால் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, புது சென்சாரைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைச் சுழற்றி எடுத்தால் கொஞ்சம் கூலண்ட்தான் சிந்தும். அதைக் கட்டாயம் கழுவிவிடுங்கள். அதன் இனிப்புக்கு நாய் நக்கும், பூனையும் நக்கக்கூடும், அது நஞ்சு. பித்தளை மரை, முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். குறைந்த கூலண்டை நிரப்பி, காற்றை வெளியேற்றி, கோளாறுக் குறியீட்டை அழித்தேன். பிறகு கோலா பிலா சாலையில் புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். ஏற்றம் முழுக்கக் கூலண்ட் எண் 90க்குப் பக்கத்திலேயே நின்றது. கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் திருத்த விகிதம் முன்பு மைனஸ் 18 வரை போயிருந்தது, இப்போது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. பெட்ரோல் வாடை போயே போய்விட்டது.

கருவியைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கியதுதான் அசல் சிப். அந்த நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. அதன் முதல் பதிப்பில் நகல் தடுப்பு இல்லாததால் போலிகள் பெருகின. சந்தையில் பரவலாக விற்கும் "வி1.5" என்று எல்ம் ஒரு பதிப்பையும் வெளியிடவே இல்லை. ஆனாலும் மலிவுப் போலிகளில் "வி2.1" என்று எழுதியிருப்பவற்றைவிட "வி1.5" என்பவையே பரவாயில்லை, பல கட்டளைகளை அவை ஒழுங்காக ஏற்கின்றன. நான் முதலில் வாங்கியது அடிக்கடி இணைப்பை இழந்தது, இரண்டாவது நிலைத்தது. 20 வெள்ளிப் பொருளில் இந்த அபாயம் இருக்கத்தான் செய்கிறது. ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளை இது பொதுவாகப் படிக்காது. இந்த 16 முனை ஓபிடி முறை 1996இல் கட்டாயமானது அமெரிக்காவில்தான். அதனால் நம் பழைய உள்நாட்டு கார்களில் சாக்கெட் இருந்தும் இணையாதவை உண்டு, வாங்கும் முன் உங்கள் மாடலோடு வேலை செய்கிறதா என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். இரவில் சாக்கெட்டில் விட்டுவைக்க வேண்டாம், பேட்டரி வடியும்.

உதிரிப் பாகத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், திராட்டில் சென்சார் போன்றவை, பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஆஃப்கட் கடைகளில் ஜப்பானிய அசலாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மேப் சென்சாரைச் சோதிப்பது எளிது. எஞ்சின் அணைந்திருக்கும்போது சுமார் 100 கிலோ பாஸ்கல், ஐடிலில் 30ஐ ஒட்டி. சூடான எஞ்சின் ஐடிலில் 50க்கு மேல் நின்றால் முதலில் வெற்றிடக் குழாயில் வெடிப்பு தேடுங்கள், சென்சாரை அப்புறம் பார்க்கலாம். ஆக்சிஜன் சென்சாரை மட்டும் ஆஃப்கட்டில் வாங்காதீர்கள், அது தேய்ந்து சாகும் பொருள். டென்சோ, என்ஜிகே பெயரில் போலிகள் நிறைய, நம்பிக்கையான கடை முக்கியம். பிளக்கோடு வருவதையே எடுங்கள், வயரை வெட்டி ஒட்டும் பொது வகை தலைவலி. கழற்ற 22 மில்லிமீட்டர் ஸ்பானரும், எஞ்சின் இளஞ்சூட்டில் இருப்பதும் வேண்டும். சென்சாரின் முனையில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது.

லாபு, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பெரியவர்கள் லோரியின் கார்புரேட்டரைத் தாங்களே கழுவி மாட்டியவர்கள். அந்தக் கைப்பழக்கம் நம்மிடம் அழியவில்லை. இப்போது எஞ்சின் பேசுவது எண்களில், அதைக் கேட்கும் கருவி இருபது வெள்ளி. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. சூடேறியதும் எஞ்சின் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்புகிறதென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போதும் செயலியில் சுழற்சி எண் பூஜ்யத்திலேயே நின்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் பல கார்களில் அது எஞ்சினுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஜேக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் ஃபோர்மெனிடம் போய், செயலி காட்டிய எண்ணைக் காட்டி, அந்த ஒரு சென்சாரை மட்டும் மாற்றச் சொல்லி, அவருடைய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.