கோர்வைக் கரை

காஞ்சீபுரத்தில் குழித்தறியில் அமர்ந்தே ஆயுளைக் கழித்து, மூன்று பெண்களுக்கு விவாகம் நடத்திவைத்துவிட்டு மறைந்த நெசவாளர் ஒருவரை நினைக்கும்போதெல்லாம், அவர் முகத்தைக் காட்டிலும் அவர் நெய்த பட்டுப் புடவையின் கரைதான் முதலில் எனக்குத் தோன்றுகிறது. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடாக்கள் என்று ஓட்டி, இரு வர்ண ஊடையிழைகளையும் வரிக்கு வரி ஒன்றோடொன்று கோத்துப் பிணைக்கும் கோர்வை வேலைக்குத் துணையாள் அவசியமாதலால், பிள்ளைகளில் யாராவது நாடா தள்ளுவார்கள். மனைவி தார் சுற்றுவாள். உலை வைக்க அவள் எழுந்துவிட்டால் தறியும் ஓய்ந்துவிடும், அதில் அவருக்குக் கோபமே கிடையாது. துணி நைந்தாலும் கரை பிரியாதென்று வியாபாரிகள் பெருமை பேசுவார்கள்; இணைப்பில் பிசகாமல் ஓடும் சிரத்தையே எனக்குப் பெரிது. அத்தகைய புடவை அவர் வீட்டுக்கென்று நெய்யப்பட்டது மூத்தவளின் முகூர்த்தத்துக்கு மட்டுமே, அதுவும் கூலியில் பிடித்தம் செய்து.