கலம் ஏந்தியவளின் நாக்கு

அதியமான் இறந்தபோது ஔவையார் அழுது பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டை மதுரையில் 15 ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிஞ்சியதைத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று பழைய உரை அதன் தொடக்கத்துக்குப் பொருள் சொல்கிறது. ஆண்டுதோறும் ஒரு மாணவியாவது கேட்பாள்: "அப்ப ஔவையார் குடிச்சாங்களாம்மா?" வகுப்பு சிரிக்கும். "அந்தக் காலத்தில் கள் ஓர் உணவு" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் தப்பிக்கும் பதில். அதியமான் குடித்ததைச் சொல்லும்போது எனக்கு அந்த விளக்கம் ஒருமுறைகூடத் தேவைப்பட்டதில்லை என்பதை வெகுகாலம் நான் கவனிக்கவே இல்லை.

கவனிக்க வைத்தது ஒரு பீர் பாட்டில். கொழும்பிலிருந்து மதுரைக்கு வந்த தோழி, துணிகளுக்கு நடுவே சுருட்டி லயன் ஸ்டவுட் கொண்டுவந்திருந்தாள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் நுவரெலியா மலையில் தொடங்கிய பீர் வடிப்பின் வழியில் வந்த கறுப்பு பீர் இது. மது அளவு 8.8 விழுக்காடு. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் விமர்சகர் (பாடகர் வேறு, இவர் வேறு) புகழ்ந்து எழுதியதால் உலகெங்கும் பீர் ருசிப்பவர்கள் தேடும் பெயராகிவிட்டது. தோழி அதைத் தானே வாங்கவில்லை. தம்பியை அனுப்பி வாங்கினாள். மதுக்கடையில் பெண்களுக்கு விற்கக் கூடாது என்று இலங்கையில் 1979இல் ஒரு விதி போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி சிறிசேன நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி கிடையாது. விதி இல்லாமலேயே நான் எந்த டாஸ்மாக் வரிசையிலும் நின்றதில்லை.

எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றிக்கொண்டோம். நுரை பழுப்பு நிறம், கீழே கரி நிறம். இந்த வகை பீருக்கு விமர்சகர்கள் எழுதும் சொற்கள் சாக்லேட், எஸ்பிரஸோ, உலர்ந்த பழம். எனக்கு முதலில் வந்தது கருப்பட்டிக் காப்பி. அப்புறம் அடிப்பிடித்த பால். கடைசியில், விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் நிற்கும் ஒரு கசப்பு. அது கேழ்வரகை ஒரு நிமிடம் கூடுதலாக வறுத்துவிட்டால் வரும் கசப்பு. வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, ஒரு பகுதியைக் கருக வறுத்து, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்துத்தான் ஸ்டவுட் செய்கிறார்கள். புளிக்கவைக்கும் கட்டத்துக்கு முன்பு வரை, பிள்ளைகளுக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு அரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்த வேலை தெரியும். ஆனாலும் முதல் மடக்குக்கு இதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கவிதை எழுதுகிறவள், தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், வாயில் மதுவை வைத்துக்கொண்டு சொல் இல்லாமல் இருந்தேன். அன்றிரவு புறநானூற்றை எடுத்தது அதனால்தான்.

இறக்குமதி மது மதுரைக்குப் புதிதல்ல. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறல் வருகிறது. நல்ல குப்பியில் வந்தது என்கிறது பழைய உரை. வைகை கடல் சேரும் பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்கிறார்கள், அரசன் குடிக்கிறான். தலையாலங்கானத்து நெடுஞ்செழியனுக்கும் புறநானூற்று 24ஆம் பாட்டில் அப்படித்தான். மதுரைக்காஞ்சி முடிவதும் அதே காட்சியில்தான். பாட்டுக்குப் பாட்டு கலத்தின் பொன் தெரிகிறது, மதுவின் மணம் தெரிகிறது, கையின் வளை தெரிகிறது. ஏந்தியவளுக்கு நாக்கு இருந்ததா என்பது மட்டும் தெரியவில்லை.

ஆண்புலவர்கள், அப்படித்தான் எழுதுவார்கள் என்று முடித்துவிடலாம் என்றால், 367ஆம் பாட்டு குறுக்கே நிற்கிறது. மூவேந்தரும் ஒருங்கிருந்ததைக் கண்டு பாடிய அந்தப் பாட்டிலும் பொன்னணி மகளிர் பொற்கலத்தில் ஏந்த மன்னர்கள் குடிக்கிறார்கள். பாடியவர் ஔவையார். அதியமானோடு பகிர்ந்து குடித்தவர், அரசர்களை வாழ்த்தும் இடத்துக்கு வந்ததும், ஊற்றும் பெண்ணை அதே அச்சில்தான் வார்க்கிறார். எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. புலவர் என்ற தகுதியால் தனக்குக் கிடைத்த கிண்ணத்தை அவர் மற்றப் பெண்களுக்கு நீட்டவில்லை. வாழ்த்துப் பாட்டின் மரபு அது என்று சொல்லலாம். மரபு யாருக்கு வசதியாக இருந்தது என்று கேட்பதுதானே நம் வேலை.

பெண்கள் குடிக்கும் இடமும் உண்டு. பட்டினப்பாலையில் புகார்ப் பெண்கள் மட்டை விலக்கி மதுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ருசி அறிந்தவர்கள்தான் அப்படித் தேர்வார்கள். ஆனால் அது கணவரோடு கூடும் இரவின் அலங்காரத்தில் ஒன்று, பட்டை நீக்கித் துகில் உடுத்துவதைப் போல. தனக்குப் பிடித்த பானத்தைத் தோழனோடு, பாட்டோடு, உடலழகுப் பேச்சு ஏதுமின்றிக் குடித்ததாகத் தன் வாயால் சொல்வதற்கு எனக்குத் தெரிந்து 235தான் இருக்கிறது. அந்த ஔவையைத்தான் பின்னால் வந்த ஆத்திசூடி ஔவையோடு சேர்த்துக் கட்டி, கைத்தடி கொடுத்துக் கிழவியாக்கினோம். 1953இல் ஜெமினியின் படத்தில் கே.பி. சுந்தரம்பாள் நடித்த பிறகு வேறு முகமே நினைவுக்கு வருவதில்லை. ஆனால் 89ஆம் பாட்டில் பகைவேந்தன் அவரை மை தீட்டிய கண்களையுடைய விறலி என்றே விளிக்கிறான்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது மூத்த தோழர் ஒருவர் கடிந்துகொண்டார். "சாராயத்தால தாலியறுத்தவங்க ஊர்ல இருந்துக்கிட்டு இதப் பேசுறியேம்மா." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 2003 முதல் இந்த மாநிலத்தில் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராகப் போராடிய பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை எல்லோரும் பார்த்தோம். என் பெரியம்மா மாதச் சம்பள நாளில் கடைக்கு எதிரே புளியமரத்தடியில் காத்திருப்பார், பெரியப்பா உள்ளே போகும்முன் பணத்தை வாங்கிவிட. குடிக்கும் உரிமை கேட்டு நான் இதை எழுதவில்லை. பெரியம்மாவைக் காத்திருப்பவளாகவும் அரண்மனைப் பெண்ணை ஏந்துபவளாகவும் மட்டுமே நம் எழுத்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன். கள்ளுண்ணாமை அதிகாரத்திலும் பெற்றவள் குடித்தவனைப் பார்க்கும் முகமாகத்தான் வருகிறாள்.

இந்தப் பருவத்தில் மறுபடி 235 வந்தது, கேள்வியும் வந்தது. "ஆமா, குடிச்சாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் கேட்டாள்: "எப்படிம்மா இருந்திருக்கும்? எங்க அம்மாச்சி மூணு நாள் புளிக்க வச்ச கேப்பைக் கூழ் மாதிரியா?" பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டுக் கள் செய்யும் முறையைக் கரும்பலகையில் எழுதினேன்: குற்றாத அரிசியில் கூழ், அகன்ற வாயுள்ள பிழாவில் ஆறவைப்பது, புற்றாஞ்சோறு போன்ற நல்லடையைச் சேர்ப்பது, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விடுவது, விரலால் அலைத்துப் பிழிவது. "யாரு விரலும்மா?" என்றாள் இன்னொருத்தி. பாட்டில் அது இல்லை என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.