நாலு வருஷத்துக்கு ஒரு தலைமுறை

கல்லூரி அணியின் ரசிகனுக்கு, மற்ற ரசிகர்களுக்கு வாய்க்கும் ஒரு பாக்கியம் கிடையாது: மனசுக்குப் பிடித்த ஆட்டக்காரனோடு சேர்ந்து மூப்படைவது. நாலே வருஷம். முதல் வருஷம் சட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் பையனை அடையாளம் கண்டுகொள்வோம். மூன்றாம் வருஷம் எண்ணே வேண்டாம். சறுக்கும்போது தோள் சாய்கிற விதத்திலேயே இன்னார் என்று தெரிந்துவிடும். நாலாம் வருஷம் முடிந்ததும் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் யாருக்காக உட்கார்ந்திருக்கிறோம்?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணியை நெடுங்காலமாக விடாமல் பார்த்து வருகிறவன் நான். ஆட்களுக்காக உட்காரவில்லை என்பதுதான் என் பதில். ஆட்கள் போனபிறகும் அந்தப் பனித்தளத்தில் நிலைத்திருக்கிற ஆட்டமுறை ஒன்று உண்டு. அதற்காகத்தான்.

நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது இத்தாக்கா. ஆராய்ச்சிப் படிப்புக்காக அங்கே இருந்த காலத்தில்தான் லைனா ரிங்க் எனக்குப் பழக்கமாயிற்று. 1957-இல் திறந்த கூடம். விரிவாக்கிய பிறகும் 4,267 பேருக்குத்தான் இடம். கூரை தாழ்வு, இருக்கைகள் தளத்துக்கு வெகு அருகில். பக் மட்டையில் படுகிற சத்தமும் பலகையில் மோதுகிற சத்தமும் வேறுவேறு என்று அங்கே காது பழகும். மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லை அது. எடை சுமார் 170 கிராம். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து எடுத்து வருவார்கள்.

கர்நாடகத்தில் இருக்கும் என் ஊரான மேல்கோட்டைக்குத் திரும்பி வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அங்கே வெள்ளி இரவு ஏழு மணி என்றால் இங்கே சனிக்கிழமை விடிகாலை ஐந்தரை. கல்யாணித் திருக்குளத்துப் படிகளில் வெளிச்சம் வருவதற்குள் முதல் பகுதி முடிந்துவிடும். மார்கழியின் முற்பாதியில் சிக்கலே இல்லை. இங்கே திருப்பாவை சேவிக்கும் வேளையில் அங்கே பரீட்சையும் விடுமுறையும், அணி ஆடாது. பங்குனிதான் நெருக்கடி. 2024-இல் எங்கள் கோயிலின் வைரமுடி சேவையும், கார்னெல் ஆடும் ஈசிஏசி லீகின் இறுதியாட்டமும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் சேவித்தேன் என்றுதான் சொல்வேன். கோப்பையும் கார்னெலுக்கே வந்தது.

ஹாக்கி இந்தப் பக்கத்துக்கு அந்நியமான விளையாட்டு அல்ல. மைசூரைத் தாண்டி மேற்கே போனால் குடகு, எம்.பி. கணேஷ், பி.பி. கோவிந்தா, எம்.எம். சோமையா பிறந்த மண். 1997-இல் பாண்டண்ட குட்டப்பா தொடங்கிவைத்த குடும்ப ஹாக்கி விழாவில், வீட்டுப் பெயரே அணிப் பெயராக இன்றும் ஆடுகிறார்கள். லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் ஐஸ் ஹாக்கியே நடக்கிறது. அங்கேயிருந்து எழும்பிய இந்தியப் பெண்கள் அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதினால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

கார்னெலின் ஆட்டமுறைக்கு வருகிறேன். அதன் மூலவர் நெட் ஹார்க்னெஸ். 1963 முதல் 1970 வரை பயிற்சியாளர். அவருடைய கோல்கீப்பர் கென் டிரைடன். நெடிய உருவம். ஆட்டம் நிற்கும் போதெல்லாம் மட்டையைத் தளத்தில் ஊன்றி, அதன் உச்சியில் இரு கைகளையும் வைத்து, கைமேல் முகவாயைச் சாய்த்து நிற்பார். கார்னெலுக்கு அவர் பெற்றுத் தந்த கணக்கு: 76 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமன். 1967-இல் தேசியப் பட்டம். பின்னாளில் மான்ட்ரியால் கனடியன்ஸ் அணிக்காக ஆறு ஸ்டான்லி கோப்பைகள், சட்டப் படிப்பு, ‘தி கேம்’ என்ற புத்தகம், கனடா நாடாளுமன்றம். 2025 செப்டம்பரில் காலமானார்.

ஆனால் இந்தக் கதையில் என்னை உலுக்குவது டிரைடன் போன பிறகு நடந்தது. 1969-இல், அவருடைய கடைசி ஆட்டத்தில், இறுதிப் போட்டியில் டென்வரிடம் 4–3 என்று தோற்றார்கள். அவர் பட்டம் வாங்கிப் போனார். இனி அவ்வளவுதான் என்று யாரும் நினைத்திருக்கலாம். மறு வருஷம் கோல் முன்னால் நின்றவர் பிரையன் கிராப்பர், உருவத்தில் சிறியவர். அந்த அணி 29 ஆட்டம் ஆடி 29-ம் வென்றது. ஒரு தோல்வி இல்லை, ஒரு சமன் இல்லை. லேக் பிளாசிடில் நடந்த இறுதிப் போட்டியில் கிளார்க்சனை 6–4 என்று வென்றார்கள். தற்காப்பு வீரரான டான் லோட்போவா மூன்றாம் பகுதியில் மட்டும் மூன்று கோல் போட்டார். தோல்வியோ சமனோ இல்லாமல் ஒரு பருவத்தை முடித்துத் தேசியப் பட்டம் வென்ற முதல்தரக் கல்லூரி அணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகப் பெரிய ஆட்டக்காரன் போன அடுத்த வருஷம்தான் ஆகப் பெரிய வருஷம். கார்னெலை ரசிப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு செய்தி.

அந்த முறையில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது குறைவு. பக்கை எதிரணியின் மூலைக்குத் தள்ளிவிட்டு, பலகையோரமாக அதை விடாமல் பிடித்து வைத்திருப்பார்கள். எதிராளி தன் எல்லையை விட்டு வெளியே வரவே திணறுவான். ஒருவன் முக்கால் நிமிஷம் ஆடினாலே கால் கனத்துவிடும் ஆட்டம் இது. அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீரர்கள் உள்ளே வெளியே மாறிக்கொண்டே இருப்பார்கள். எதிரணியை அப்படி மாறவிடாமல் உள்ளேயே அடைத்து வைப்பதுதான் கார்னெலின் கலை. கோல் விழுவது கடைசியில்தான். அதற்கு முந்தைய ஒரு நிமிஷத்தைப் பார்க்காமல் கோலை மட்டும் பார்த்தவன் ஆலாபனையை விட்டுவிட்டு மங்களம் கேட்டவன்.

தண்டனையில் ஒருவன் வெளியே உட்கார்ந்திருக்க, நால்வர் ஐவரைத் தடுத்து நிற்கிற இரண்டு நிமிஷத்தை நான் இன்னும் உயர்வாக வைப்பேன். நால்வரும் சதுரமாக நிற்பார்கள். பக் போகும் பக்கம் சதுரம் சாயும், கலையாது. அடிக்க மட்டை ஓங்குகிறவன் முன்னால் ஒருவன் முழங்காலிட்டுத் தன் உடம்பைக் குறுக்கே கொடுப்பான். இவர்களில் ஒருவருக்கும் விளையாட்டுக்கான உதவித்தொகை கிடையாது. ஐவி லீக் கல்லூரிகள் அதைக் கொடுப்பதில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குப் போக வேண்டிய பையன் அவன்.

இதற்கு லைனாவில் எழுகிற கைதட்டலைக் கேட்க வேண்டும். கோலுக்கு எழும் ஆரவாரம் எங்கும் உண்டு. தடுத்த அடிக்கு எழுந்து நின்று தட்டுகிற கூட்டத்தைப் பயிற்சி பெற்ற கூட்டம் என்பேன். எதிரணியின் பெயர்களை அறிவிக்கும்போது மாணவர்கள் ‘கார்னெல் டெய்லி சன்’ பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் படிப்பார்கள். படித்து முடித்ததும் கசக்கித் தளத்தில் எறிவார்கள். தேசிய கீதத்தில் சிவப்பு என்ற சொல் வரும் இடத்தில் கூடமே அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும், அணியின் நிறம் அது என்பதால். கோல் வாங்கிய எதிரணிக் காப்பாளரைச் சல்லடை என்று விரல் நீட்டிக் கூவுவார்கள். எதையும் யாரும் அச்சடித்துக் கொடுப்பதில்லை. ஒரு மூலையில் ஓரிருவர் எடுக்கிறார்கள், மற்ற பக்கம் வாங்கிக்கொள்கிறது. மேல்கோட்டையாகிய எங்கள் திருநாராயணபுரத்துப் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னால் போகிற அருளிச்செயல் கோஷ்டியில் இரு வரிசையாக நின்று, ஒரு பக்கம் எடுக்க மறுபக்கம் தொடர்வதைப் பிள்ளை வயதில் கடைசி வரிசையில் நின்றே கற்றேன். இத்தாக்காவில் முதலாண்டுப் பிள்ளைகள் கற்பதும் கடைசி வரிசையில்தான். பாடுகிறவர்கள் மாறிவிட்டார்கள் என்று கோஷ்டியை யாரும் புதிது என்று சொல்வதில்லை.

ஹார்வர்டு ஆட்டத்தில் மீன் எறிகிற வழக்கத்தை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. 1973-இல் ஹார்வர்டு ரசிகர்கள், விவசாயக் கல்லூரிக்காரர்கள் என்று கேலி செய்யும் விதமாக, கார்னெல் கோல்கீப்பரை நோக்கிக் கோழியை எறிந்தார்களாம். அதற்குப் பதில் இது என்பார்கள். பதிலாகவே இருக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு இதைவிடக் கூர்மையான பதில்கள் தெரியும்.

2020 மார்ச்சில் அணி தேசிய வரிசையில் முதலிடத்தில் இருந்தது. 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமன். 1970-க்குப் பிறகு வராத பட்டம் இந்த முறை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். கொரோனாவால் போட்டியே ரத்தாயிற்று. தோற்றிருந்தால்கூட ஆட்டம் முடிந்தது என்று மனசு ஆறியிருக்கும். கடைசி வருஷப் பையன்களுக்கு மறு வருஷம் என்பதே இல்லை. அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

மைக் ஷேஃபர் 1995-இலிருந்து முப்பது வருஷம் பயிற்சியாளராக இருந்தவர். அவரே 1980-களில் இங்கே மாணவராக ஆடியவர்; ஹார்வர்டு ஆட்டம் ஒன்றில் பெயரை அறிவித்ததும் மட்டையைத் தன் தலையில் அடித்து உடைத்தார் என்பது லைனாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2025-இல் ஓய்வு பெறும் வருஷம் ஈசிஏசி பட்டத்தை மறுபடி வென்றார். தேசியப் போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டைக் கடைசி விநாடிகளில் விழுந்த கோலால் 4–3 என்று சாய்த்தார்கள். அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 3–2 என்று தோல்வி. அதோடு அவர் காலம் முடிந்தது. பொறுப்பை ஏற்ற கேசி ஜோன்ஸும் இங்கே ஆடிய பழைய மாணவர்தான். கனடா ஜூனியர் லீக் வீரர்களையும் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளலாம் என்று இப்போது விதி மாறிவிட்டது. நாலு வருஷம் தங்காமல் ஓரிரு வருஷத்தில் போகிறவர்கள் பெருகலாம். மற்ற அணிகளுக்கு அது எப்படியோ, கார்னெலுக்கு அது கடினமான பரீட்சை என்றே நினைக்கிறேன்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் ஹார்வர்டு ஆட்டத்தில் தொடங்க வேண்டாம், சத்தம் அதிகம். அதே மாநிலத்துக் கல்லூரியான கோல்கேட்டோடு ஆடுவதைப் பாருங்கள், அதிலும் இரண்டாம் பகுதியை. அப்போது அணிகள் பக்கம் மாறுவதால் மாற்று வீரர்கள் அமரும் பெஞ்சு அவரவர் தற்காப்பு எல்லையிலிருந்து தொலைவாகிவிடும். களைத்தவனால் எளிதில் வெளியேற முடியாது. பக்கை விட்டுவிட்டு, அப்படிச் சிக்கிக்கொண்ட எதிரணிக்காரன் ஒருவனின் கால்களை மட்டும் கவனியுங்கள். கார்னெல் அவனை எத்தனை நேரம் அங்கேயே வைத்திருக்கிறது என்று பாருங்கள்.